கொடுக்கும் கால்தான்: பத்துக்காலிகளை வகை பிரிக்கும்போது சறுக்கும் இடங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விலங்கியல் மாணவர்களைக் கூட்டிப்போனால் முதல் கூடையிலேயே கேட்பார்கள்: "சார், நண்டுக்கு எட்டுக் கால்தானே இருக்கு?" கொடுக்கை விட்டுவிட்டு எண்ணியிருப்பார்கள். அதுவும் கால்தான். நண்டு, இறால், சிங்கி எல்லாம் ஐந்து ஜோடி, அதாவது பத்துக் கால் உள்ள பத்துக்காலி வரிசை. முதுகில் மூன்று புள்ளி வைத்த முக்கண்ணு நண்டைக் கையில் எடுத்தால் கணக்கு சரியாகும்: கொடுக்கு ஒரு ஜோடி, நடக்க மூன்று, கடைசியில் துடுப்பாகத் தட்டையாகிப்போன ஒன்று.

இறாலில் இதற்கு நேர் எதிர், எண்ணிக்கை கூடிவிடும். வயிற்றுக்கு அடியில் உள்ள ஐந்து ஜோடி நீந்துவதற்கு, கணக்கில் சேராது. மார்பில் இருப்பது எட்டு ஜோடி. அதில் முன் மூன்றும் வாயோடு ஒட்டி, இரையைப் பிடித்துத் தள்ளும் தாடைக்கால்கள். மிச்சம் ஐந்து ஜோடிதான் அந்தப் பத்து.

வலையில் கூடவே வரும் ஸ்குவில்லாவை இறால் இனம் என்று நானே ஒருமுறை ஆய்வகப் புட்டியில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கும்பிடுபூச்சியைப் போல மடித்து வைத்திருக்கும் அந்தப் பிடிகை தாடைக்கால். நடப்பதற்கு மூன்று ஜோடிதான். ஓட்டுடலிதான், ஆனால் பத்துக்காலி இல்லை.

பெரிய தவறு இனிமேல்தான். கடலில் கிடைக்கும் வெள்ளை இறாலும், ஸ்காம்பி என்று விற்கும் நன்னீர் இறாலும் பங்காளிகள் என்றே எல்லாரும் நினைக்கிறோம். குழம்பில் அப்படித்தான். ஆனால் வெள்ளை இறாலின் செவுள் மரக்கிளை போலப் பிரிந்திருக்கும், முட்டையை நேராகக் கடலில் விட்டுவிடும்; அது டெண்ட்ரோபிராங்கியேட்டா என்ற துணைவரிசை. ஸ்காம்பியோ முட்டையை வயிற்றடியில் கொத்தாகச் சுமக்கும். நண்டும் சிங்கி இறாலும் (லாப்ஸ்டர்) அப்படியே. இந்த மூன்றும் பிளியோசைமேட்டா என்ற இன்னொரு துணைவரிசை. அதாவது, ஸ்காம்பிக்கு வெள்ளை இறாலைவிட நண்டுதான் நெருங்கிய சொந்தம்! நம்பாத மாணவர்களுக்கு ஓட்டைக் காட்டுவேன். வெள்ளை இறாலின் வயிற்று வளையங்கள் கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னோக்கிப் போகும். ஸ்காம்பியில் இரண்டாவது வளையம் மட்டும் அகன்று, முன்னதையும் பின்னதையும் இரண்டு பக்கமும் மூடியிருக்கும். சமையலறையில் உரிக்கும்போதே பார்க்கலாம், தலையைக் கிள்ளுவதற்கு முன்னால்.

சிங்கியைப் பெரிய சைஸ் இறால் என்பதும், நம் கரையில் வரும் சிங்கிக்குப் படத்தில் பெரிய கொடுக்கு வரைவதும் வேண்டாம். அதற்குக் கொடுக்கே கிடையாது. நீண்ட முள் உணர்கொம்புதான்.

பெசன்ட் நகர் கரையில் அலை வடியும்போது மணலுக்குள் பின்பக்கமாகப் புதையும் முட்டை வடிவ எமெரிட்டாவைப் பிள்ளைகள் பூச்சி என்பார்கள். பெரியவர்கள் குட்டி நண்டு என்பார்கள். பூச்சியும் இல்லை, உண்மையான நண்டும் இல்லை. துறவி நண்டு சேர்ந்திருக்கும் அனோமுரா என்ற கிளையைச் சேர்ந்தது அது. அலை திரும்பும் அந்த நொடியில் இறகு போன்ற உணர்கொம்பை விரித்து இரையை வடிகட்டும்.