கிராமப்புற முதியோர் பராமரிப்பு இல்லத்தை மதிப்பிடுதல்: தாயகம் செல்வோருக்கு

தாயகம் செல்லும்போது தாயையோ தகப்பனையோ கிராமப்புறப் பராமரிப்பு இல்லமொன்றில் சேர்ப்பது பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தால், அந்த வேலையைப் பயணத்தின் கடைசி நாட்களுக்குத் தள்ளிவைக்காதீர்கள். திரும்பும் நாள் நெருங்கிவிட்டதை இல்லத்தின் அலுவலகமும் அறியும், உறவினரும் அறிவார்கள். அதன்பின் நீங்கள் கேட்கும் எந்தக் கேள்வியும் வீண் பிடிவாதமாகவே பார்க்கப்படும்.

என் அம்மாவுக்காக இடம் பார்த்தபோது, சேர்க்கை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். முழுவதையும் வாசிக்க வேண்டும் என்றேன். அலுவலர் மேலாளரைக் கேட்கச் சொன்னார். மேலாளர் மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் அலுவலர் விடுப்பில் இருந்தார். முன்பணத்தை ஏற்கெனவே கட்டியிருந்த சித்தப்பா, அத்தனை பேர் முன்னிலையில், "நீ கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய், நடுராத்திரியில் ஓடப்போவது நாங்கள்தானே, உனக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?" என்று கேட்டார். நான் இல்லாத ஆண்டுகளிலெல்லாம் அம்மாவுக்காக ஓடியவர் அவர் என்பதால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்காக ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடவும் முடியவில்லை. ஒருவழியாகக் கைக்கு வந்தபோது, உடல்நிலை மோசமானால் மருத்துவமனைக்கு மாற்றும் முடிவை எடுப்பவர் யார் என்பது அதில் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வெளியேற்றும் உரிமை மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான் கையெழுத்திடவில்லை. சித்தப்பா வழியனுப்ப வரவில்லை.

கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்த்து மயங்காதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் தோலே இல்லத்தின் உண்மையான பதிவேடு. குடும்பத்தார் அனுமதித்தால் குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்பார்கள். நம்முடைய கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம் என்பதால், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கடினமாகவோ கருத்தோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள் என்று பராமரிப்பாளரிடமே கேளுங்கள், மேலாளரிடமல்ல.

அடுத்து எடைப் பதிவு. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ குறைந்தால் அது கவலைக்குரியது. 40 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மாதத்தில் 2 கிலோ குறைவதே அந்த அளவு. மாதந்தோறும் எடை பார்க்காத இல்லத்துக்கு இது தெரியவே வராது. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும், அதோடு கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் சிரமத்துக்காகத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஆகவே கட்டிலருகே கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டப்பகலில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும் கூடம் அமைதியான இடமென்று எண்ணாமல், மாத்திரைப் பதிவேட்டைக் கேளுங்கள். மறதி நோயுள்ள முதியோருக்குக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், கடைசியாக எப்போது வந்து பார்த்தார் என்பது பதிவில் இருக்க வேண்டும்.

கிராமத்துக்கென்றே சில கேள்விகள் உண்டு. மின்சாரம் நின்றால், படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையும் ஆக்சிஜன் கருவியும் நின்றுவிடும். ஜெனரேட்டரை உங்கள் கண்முன் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு தொலைவு, வண்டி ஓட்டுபவர் எங்கே தூங்குகிறார், இரவுப் பணியில் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். முடிந்தால் இரவு உணவுக்குப் பிறகு முன்னறிவிப்பின்றி ஒருமுறை போய் வாருங்கள்.

சேர்த்த பிறகு, மேலாளரின் எண்ணோடு இரவுப் பராமரிப்பாளரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவாக இருக்கும்போது நம்மில் பலருக்குப் பகல்; அந்த நேரத்தில் அழைத்து, கட்டிலருகே நின்று பேசச் சொல்லுங்கள்.