பாம்பன் காற்றில் பலகை பெயின்ட் நிற்க வைத்த கதை

பாம்பனில் எங்கள் கருவாட்டுக் கடைப் பெயர்ப்பலகை தேக்கு, மேலே எனாமல் பெயின்ட். அடித்த இரண்டே வாரத்தில் பலகையின் இரு முனைகளிலும் கொப்புளம் கிளம்பி, நகம் பட்டாலே தோல் மாதிரி உரிந்து வந்தது. பெயின்ட்தான் மட்டம் என்று வேறு டப்பா வாங்கினேன், அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, பிரைமரோடு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதேதான்.

மூன்றாம் முறை ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், நாக்கு நுனியில் வைத்தால் கரித்தது. நான் பலகையைக் கழுவியதே போர் தண்ணீரில், எங்கள் போரில் வருவது உப்புத் தண்ணீர்! கடல் காற்று படியவிட்ட உப்பு போதாதென்று நானும் சேர்த்திருக்கிறேன். பெயின்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டால் அது ஈரத்தை உள்ளே இழுத்து மேல்பூச்சைத் தூக்கிவிடும்.

சரி என்று மரம் தெரியும்வரை சுரண்டி, குடிக்கிற தண்ணீரில் இரண்டு முறை கழுவி, நிழலில் ஐந்து நாள் உலர்த்தினேன். அறுத்த முனைதான் அதிகம் உறிஞ்சும், அதனால் அங்கே மட்டும் பிரைமர் மூன்று கோட். பின்பக்கமும் அடித்துவிடுங்கள், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டியும் ஒரு கொப்புளம் இல்லை, இப்போதுதான் நிம்மதி.