அக்ரிலிக்கில் பொடித் தமிழ் எழுத்து வெட்டும் முறை

வீட்டுப் பெயர்ப்பலகைக்கு 12 மி.மீ. உயரத்தில் எழுத்து வெட்டுவதென்றால், லேசரைத் தொடுமுன் வரைபடத்திலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். 50 மி.மீ.யில் அழகாக வரும் எழுத்துரு இந்த அளவில் உடைந்துபோகும். மூன்று சுழி ண, ஞ, ஸ்ரீ மூன்றும்தான் அதிகம் படுத்தும். எங்கும் கோட்டின் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுழியின் உள்வெளி 1 மி.மீ.க்குக் குறைந்தால் உருகி அடைத்துக்கொள்ளும். ஆகவே கோடெங்கும் ஒரே தடிமனாக உள்ள எழுத்துருவையே எடுங்கள்.

லேசர் மென்பொருளில் நேரடியாகத் தமிழைத் தட்டாதீர்கள். பலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். இங்க்ஸ்கேப், கோரல்டிரா போன்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தை வெறும் கோட்டுருவாக (outline) மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் பகுதிகளை இணைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் 'கி'யின் மேல்விலங்கு (ி) 'க'வைக் குறுக்கே அறுத்துவிடும். பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது லேசர் தின்னும் அகலம். 10 மி.மீ. இடைவெளியில் 11 கோடுகள் வெட்டி, கிடைக்கும் பத்துத் துண்டுகளையும் நெருக்கி வைத்து அளந்து பாருங்கள். 98.5 மி.மீ. வந்தால், ஒரு வெட்டு 0.15 மி.மீ. தின்கிறது. பெரிய எழுத்தில் இது கண்ணுக்கே தெரியாது. 2 மி.மீ. புள்ளியோ 1.85 ஆகிவிடும், சுழியும் அந்த அளவுக்கு அகலும். வெளிக்கோட்டை 0.075 வெளியே தள்ளி, சுழியை அதே அளவு உள்ளே இழுத்தால் கணக்கு சரியாகும்.

தகடு 2 மி.மீ. போதும். காஸ்ட் (வார்த்துச் செய்தது) என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் (பிதுக்கிச் செய்த) தகட்டில் அடிவிளிம்பில் பிசிறு நிற்கும், வெடிப்பும் சீக்கிரம் வரும். சன்போர்டு எனக் கடையில் கிடைக்கும் பிவிசி பலகையை லேசரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரித்துவிடும்.

தகட்டோடு வரும் பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டு, மேலே காகித மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 60 வாட் லேசர் குழாயில் நொடிக்கு 12 முதல் 15 மி.மீ. வேகம், 40 முதல் 50 சதவீதம் சக்தி என்று தொடங்கி, வீண்துண்டில் சரிபாருங்கள். வளைவில் லேசர் தலையின் வேகம் குறையும். மென்பொருளில் அதற்கென வைக்கும் குறைந்தபட்ச சக்தி அதிகமாக இருந்தால் சுழியின் முனைகள் கருகும். வெட்டும் இடத்தில் ஊதும் காற்று மிதமாக வரட்டும்: பலமாக அடித்தால் விளிம்பு மங்கும், இல்லவே இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். வெட்டி முடியும்வரை இயந்திரத்தை விட்டு நகராதீர்கள்.

முதலில் சுழிகள், பிறகு வெளிக்கோடு. வரிசை மாறினால் எழுத்து சாய்ந்துவிடும், சுழி தப்பான இடத்தில் விழும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை அடுத்தடுத்து வெட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டினால் சூடு சேராது. புள்ளிகள் தேன்கூட்டு மேடையின் கண்களுக்குள் விழும் என்பதால் இரட்டிப்பாகவே வெட்டிவையுங்கள். அதைவிட நல்ல வழி உண்டு. அதே நிறத்தில் 2 மி.மீ. அக்ரிலிக் கம்பி கிடைத்தால், பலகையில் துளையிட்டு அதைப் புள்ளியாகச் செருகிவிடலாம். கீழே விழவும் வழியில்லை.

டேப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டாம். மேலே ஒட்டும் திறன் கூடிய அகல டேப்பை ஒட்டி இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். துடைக்க ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதுவும் ஆகாது. வெட்டிய விளிம்பில் தேங்கிய இறுக்கத்தால் நிமிடங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சோப்புத் தண்ணீரே போதும்.

எழுத்தை எடுத்தபின் மிஞ்சும் சட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதையே பலகையில் பொருத்தி, எழுத்துகளை ட்வீசரால் அதனதன் குழியில் வைத்தால் இடைவெளியும் வரிசையும் தானே அமையும். ஒட்டுவதற்கு, வெட்டுமுன்பே தகட்டின் பின்பக்கம் மெல்லிய இருபக்கப் பசைப்படலம் ஒட்டிவிடுவது நல்லது. நுரை டேப் வேண்டாம், 1.5 மி.மீ. கோட்டில் அது பிதுங்கித் தெரியும்.

வெயில் மழை படும் இடத்தில், பலகையும் அக்ரிலிக் என்றால், அக்ரிலிக்கைக் கரைத்து ஒட்டும் குளோரோஃபார்ம் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் அதற்குமுன் எழுத்துகளை மின் அடுப்பில் (oven) 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, அதற்குள்ளேயே மெல்ல ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிட் செய்யும் கெடுதலைக் குளோரோஃபார்மும் செய்யும். சட்டத்தை எடுத்தபின், காற்றோட்டமான இடத்தில் வைத்து ஊசிமுனையால் விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் அதுவே உள்ளே பரவும். வெளியே வழிந்தால் துடைக்காதீர்கள், பளபளப்பு போய்விடும். அப்படியே காயவிடுங்கள்.