குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் நீச்சல் தடாகத்தில் வரும் நிறமும் கறையும்

குழாய்க்கிணற்றிலிருந்து இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடிபோல வரும். தடாகம் நிரம்பி, முதல் குளோரின் போட்ட சில மணித்தியாலத்தில் பிளேன்ரீ நிறத்துக்கு மாறிவிடும். பாசி என்று நினைத்து இன்னும் குளோரின் கொட்டுவார்கள். நிறம் கூடும், இரண்டு நாளில் படிகளிலும் ரைல்ஸ் இடுக்குகளிலும் செம்மஞ்சள் கறை ஏறிவிடும். நிலத்துக்கடியில் காற்றுப்படாமல் கிடந்த இரும்பு கரைந்து நிறமின்றி இருக்கும். குளோரின் பட்டதும் அது கறளாகிவிடும். மிதக்கும் கறளை வெளியே எடுப்பது சுலபம், சுவரில் ஒட்டியதை எடுப்பதுதான் பாடு. ஆகவே நிறம் மாறினால் முதலில் கையை நிறுத்துங்கள்.

வெள்ளை வாளி ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, அரைத் தேக்கரண்டி குளோரின் தூள் போட்டுக் கலக்கி, ஒரு இரவு விடுங்கள். மஞ்சள் அல்லது செம்மண்ணிறம் வந்தால் இரும்பு. கருமண்ணிறம், கருஞ்சிவப்பு என்றால் மங்கனீசு. குளோரின் போட முன்பே கலங்கலாக இருந்தால் அது களிமண். இரணைமடு வாய்க்கால் போன்ற குளத்துத் தண்ணீரில் அதுதான் இருக்கும். தடாகம் பச்சையாகி அடி தெளிவாகத் தெரிந்தால் செப்பு. பச்சையோடு கலங்கி, சுவரும் வழுக்கினால் பாசி. செப்பு பெரும்பாலும் கிணற்றிலிருந்து வருவதில்லை. பாசிக்கு என்று போட்ட மயில்துத்தத்திலிருந்தோ, செப்புக் கலந்த பாசிக்கொல்லியிலிருந்தோ வருகிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அளவு தெரிய வேண்டுமென்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் மாதிரி கொடுத்து, மொத்த இரும்பு, மங்கனீசு, கடினத்தன்மை மூன்றையும் கேளுங்கள். இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் கறை பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். மோட்டர் போட்டவுடன் ஒரு போத்தலும், பதினைந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு போத்தலும் எடுங்கள். முதலாவதில் மட்டும் இரும்பு கூடுதலாக இருந்தால் குற்றவாளி நிலம் இல்லை, கறள் பிடித்த இரும்புக் குழாய். அதைப் பிவிசிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தண்ணீர் நிறம் மாறிவிட்டது, கறை இன்னும் ஏறவில்லை என்றால் படிகாரம் போட்டு அடியில் படிய வைக்கலாம். முதலில் கொள்ளளவு: நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்கி, வருவதை ஆயிரத்தால் பெருக்கினால் லீற்றர். 10 மீற்றர் நீளம், 5 அகலம், 1.5 ஆழம் என்றால் 75,000 லீற்றர். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.4 முதல் 7.6 வரை, குளோரின் லீற்றருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இருக்கட்டும். படிகாரம் 1,000 லீற்றருக்கு 50 கிராம்; இந்தத் தடாகத்துக்கு 3.75 கிலோ. வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றிவர ஊற்றி, வடிகட்டியின் வல்வை, உள்ளே இருக்கும் மணலைத் தொடாமல் தண்ணீர் சுழலும் நிலைக்கு மாற்றி இரண்டு மணித்தியாலம் ஓட்டி நிறுத்துங்கள். இரவு முழுக்க யாரும் இறங்கக்கூடாது. சோழகம் பலமாக வீசும் நாளில் இதைச் செய்யாதீர்கள், படிந்தது மறுபடி கலங்கும்.

காலையில் அடியில் மண்ணிற மெத்தைபோலக் கிடக்கும். அதை உறிஞ்சும்போது வல்வு வெளியேற்றும் நிலையிலேயே இருக்க வேண்டும். வடிகட்டி வழியாக உறிஞ்சினால் மணல் அடைபடும். மிச்சம் திரும்பவும் தடாகத்துக்குள் வரும். மிக மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் சில அங்குலம் குறையும், அதை முன்னமே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கறை ஏறிவிட்டால் வெள்ளை நிற விற்றமின் சி குளிசை ஒன்றைக் கறையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்பு. வேப்பிலை, புளியிலை, நாவற்பழம் விழுந்து ஊறிய கறை இதற்கு அசையாது. வெள்ளைப் பூச்சில் அதன்மேல் ஒரு சிட்டிகை குளோரின் தூளை வைத்தால் மறையும். இரண்டுக்கும் அசையாத கரிய கறை மங்கனீசாக இருக்கலாம்.

இரும்புக் கறைக்கு அஸ்கோபிக் அமிலத் தூள், அதாவது விற்றமின் சியேதான். 1,000 லீற்றருக்கு 12 கிராம், 75,000 லீற்றருக்கு 900 கிராம். போட முன் குளோரின் பூச்சியத்துக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தூள் வீணாகும். நிலைப்படுத்தி (குளோரினை வெயிலில் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம்) போடாத தடாகமென்றால் வன்னி வெயிலில் இரண்டு மூன்று நாளில் தானே இறங்கிவிடும். குளோரின் இல்லாத நாள்களில் யாரையும் குளிக்க விடாதீர்கள். செப்பில்லாத பாசிக்கொல்லியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பிஎச்சை 7.2க்கு இறக்கி, தூளைத் தூவி, மோட்டரை ஓட விடுங்கள். பெரும்பாலான கறை அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளுக்குள் போய்விடும். சிற்றிக் அமிலமும் வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் கூடுதலாகத் தேவைப்படும். அஸ்கோபிக் தூளும் குளோரின் தூளும் உலர்ந்த நிலையில் ஒன்றோடொன்று தொடவே கூடாது, தீப்பிடிக்கும். ஒரே அகப்பையைக்கூடப் பாவிக்காதீர்கள்.

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கறை மறைந்ததே தவிர இரும்பு தண்ணீருக்குள் கரைந்து நிற்கிறது. அன்றே உலோகத்தைக் கட்டிவைக்கும் மருந்தைப் போத்தலில் உள்ள அளவில் போட வேண்டும். எச்இடிபி என்ற பெயர் பார்த்து வாங்குங்கள். குளோரினும் வெயிலும் அதையும் சிதைக்கும் என்பதால் கிழமைக்கொரு முறை சிறிது சேர்க்க வேண்டும். மறுநாளிலிருந்து குளோரினைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இரண்டு கிழமைக்குப் பெரிய அளவு வேண்டாம், பிஎச் 7.2 முதல் 7.4 வரை நிற்கட்டும். பிஎச்சைக் கூட்ட வேண்டுமென்றால் சலவைச் சோடாவை ஒரே தரத்தில் கொட்டாதீர்கள். நம் சவர்த்தண்ணீரில் சுண்ணாம்பு படியும், அந்தப் பொருக்கு இரும்பைப் பிடித்துக்கொண்டு மண்ணிறமாகும்.

தண்ணீரை மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். அதே கிணற்றில் நிரப்பினால் அதே இரும்புதான் வரும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது முழுதாக இறைத்தால் தடாகமே கீழிருந்து தூக்கப்பட்டு வெடிக்கலாம்.

நீண்டகாலத் தீர்வு, தடாகத்துக்குள் வர முன்பே இரும்பைப் பிடிப்பது. சீமெந்துத் தொட்டி ஒன்றின் மேல் துளையிட்ட தட்டு வைத்து, அதனூடாகத் தண்ணீரைத் தூவாக விழுத்துங்கள். காற்றுப் பட்டு இரும்பு கறளாகும். ஒரு நாள் படியவிட்டு, அடியிலிருந்து ஓரடி உயரத்தில் பொருத்திய குழாயால் எடுத்து, மணல் வழியாக வடித்து அனுப்புங்கள். மங்கனீசுக்குக் காற்று மட்டும் போதாது, தொட்டியிலேயே குளோரின் வேண்டும்.

கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 50 சதுர மீற்றர் தடாகத்தில் 250 லீற்றர் போகும், உலோகம் போகாது. லீற்றருக்கு 1 மில்லிகிராம் இரும்புள்ள தண்ணீரால் அதை ஈடுசெய்தால் மூன்று மாதத்தில் முழுத் தடாகமும் 0.3ஐ எட்டிவிடும். மழைநீரில் இந்த இரும்பு இல்லை. 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 8,000 லீற்றர் பிடிக்கலாம், 250 லீற்றர் கணக்கில் ஒரு மாதத்துக்குக் காணும். மாரியின் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து தொட்டிக்குத் திருப்புங்கள்.