விலேன் இருந்தது, ஐபி காணோம்
பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 6500 நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றில் புது விலேன் (VLAN, ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) போட்டேன், நன்றாக ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. விலேன் அப்படியே இருக்க, அதன் கேட்வே ஐபி, அதாவது அந்த நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசலின் முகவரி, மட்டும் காணோம். அரை மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டேன், பாவம்.

பெட்டி ஒன்றுதான், உள்ளே சிஸ்டம் இரண்டு. விலேன் உட்பட ஸ்விட்ச் வேலையைப் பார்ப்பது கேட்ஓஎஸ் (CatOS). 1993இல் சிஸ்கோ வாங்கிய கிரெசெண்டோ கம்பெனியின் வழி வந்தது, எதை அமைப்பதானாலும் ‘செட்’ என்றுதான் கட்டளையை ஆரம்பிக்க வேண்டும். அடித்த உடனேயே அது சேமித்துவிடும். ரவுட்டிங், அதாவது நெட்வொர்க்குகளுக்கு இடையே வழிகாட்டுவது, எம்எஸ்எஃப்சி (MSFC) என்ற அட்டையில் ஓடும் சிஸ்கோவின் ஐஓஎஸ் (IOS) பொறுப்பு; கேட்வே ஐபியும் அங்கேதான். அங்கே ‘ரைட் மெமரி’ என்று சேமிக்கும் கட்டளை கொடுத்தால்தான் போட்டது கரண்ட் போனாலும் அழியாமல் இருக்கும். நான் கொடுக்கவில்லை.

சரி என்று ‘செஷன் 15’ அடித்து அந்த அட்டையின் ஐஓஎஸ் உள்ளே போய் ஐபியைத் திரும்பப் போட்டேன், இந்தத் தடவை உடனே சேமித்தேன். பிங் அனுப்பிப் பார்த்தால் கேட்வே பதில் தந்தது.