சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை: ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தம்பி இரண்டு ரிப்போர்ட்டுகளோடு எங்கள் லேபுக்கு வந்தார். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு ஊசி போடுவதற்கு முன் ஓரிடத்தில் எடுத்த விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனையில் 1:16. மூன்று மாதம் கழித்து வேறு லேபில் எடுத்த ஆர்பிஆர் என்ற இன்னொரு பரிசோதனையிலும் 1:16. "மருந்து வேலையே செய்யலையாண்ணே?" என்று கேட்டபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. இப்படிக் கலங்கி வருகிறவர்கள் நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் செய்த தவறு, இரண்டு வேறு பரிசோதனைகளின் எண்களை ஒப்பிட்டது. ஆர்பிஆர் அட்டையில் ஒரு சொட்டு சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கரித்தூள் கலந்த ஆன்டிஜென் (பரிசோதனைக் கரைசல்) விட்டு 8 நிமிடம் சுழற்றுவோம். ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ் என்றால் கரித்தூள் கறுப்புத் திட்டுகளாகத் திரண்டு கண்ணுக்கே தெரியும். இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் சீராகப் பரவிக் கிடக்கும். விடிஆர்எல்லில் கரி கிடையாது, மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். அதே ரத்தத்தில் ஆர்பிஆர் பல சமயம் சற்றுக் கூட்டியே காட்டும். 1:16 என்பது, சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போனதில் கடைசியாக எந்த அளவு வரை திரண்டது என்பதற்கான கணக்கு. ஒரு படி ஏறி இறங்குவது சாதாரணம். இரண்டு படி, அதாவது 1:16 என்பது 1:4 ஆவது அல்லது 1:64 ஆவதுதான் உண்மையான மாற்றம். ஆகவே சிகிச்சைக்குப் பிறகு அதே பரிசோதனையை, முடிந்தவரை அதே லேபில் எடுங்கள்.

அடுத்தது டிபிஎச்ஏ. இது சிபிலிஸ் கிருமிக்கென்றே உடல் உண்டாக்கும் எதிர்பொருளை (ஆன்டிபாடி) பார்ப்பது. நோய் முழுக்கக் குணமான பிறகும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் செய்யும் சிபிலிஸ் ரேபிட் கார்டும் பொதுவாக இதே வகைதான். குணமாகிவிட்டதா என்று பார்க்க டிபிஎச்ஏவைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு, வீண் பயம். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவர்கள் பழைய சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு குடும்பத்தையே உடைக்கும். கர்ப்பகாலப் பரிசோதனையில் விடிஆர்எல் ரியாக்டிவ் என்று வந்ததும் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக நிறுத்தியதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை. விடிஆர்எல், ஆர்பிஆர் இரண்டும் கிருமியை நேரடியாகத் தேடுபவை அல்ல. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்பொருளைத்தான் காட்டும். கர்ப்பம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), தொழுநோய், மலேரியா ஆகியவற்றிலும் அது தலைகாட்டலாம். டிபிஎச்ஏ போட்டு உறுதிசெய்யாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. உறுதியானால் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பென்சிலின் ஊசி வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துக் காக்கும்.

"நான்-ரியாக்டிவ்" என்றதும் நிம்மதியாகிவிடுவதும் தவறு. புண் வந்த முதல் சில வாரங்களில் விடிஆர்எல் ஒன்றுமே காட்டாமல் போகலாம். அந்தப் புண் வலிக்காது, தானாகவே ஆறியும்விடும், அதனால் நோயும் போய்விட்டதென்று ஏமாந்துவிடுகிறோம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். இன்னொன்று, உடம்பெல்லாம் தடிப்பு வரும் இரண்டாம் கட்டத்தில் சிலருக்கு எதிர்பொருள் அளவுக்கு மிஞ்சிப் போய், நீர்க்காத சீரத்தில் திரளாமலே நின்றுவிடும். உள்ளங்கையில் தடிப்பு இருந்தும் ரிப்போர்ட் நான்-ரியாக்டிவ் என்றால், சீரத்தை நீர்க்கச் செய்து பார்க்கும்படி லேபில் கேளுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தால், அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையமோ (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) சுகவாழ்வு மையமோ (பால்வினை நோய்க்கான மையம்) எங்கே என்று விசாரியுங்கள். விஷயம் வெளியே போகாது.

அந்தத் தம்பி பழைய லேபிலேயே விடிஆர்எல் எடுத்தார். 1:4. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, மனைவிக்கும் பரிசோதனை எடுக்க எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.