தடைக்காலத்தில் பங்குக் கோயில் மளிகைப் பை: முதல்முறை செய்பவர்களுக்கு

மீன்பிடித் தடைக்காலத்தில் சிரமப்படும் குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுக்கும் வேலையை எங்கள் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள்) இளைஞர்கள் செய்து வருகிறோம். பாம்பன் பக்கமும் தொண்டி பக்கமும் இருந்து "எப்படிச் செய்றீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் இது. பங்குத்தந்தையிடம் பேசுவது, பங்குப் பேரவையில் (கோயில் நிர்வாகக் குழு) ஒப்புதல் வாங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. நாள் குறிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தடை தொடங்கிய வாரத்திலேயே பை கொடுக்க வேண்டாம், அப்போது கையில் கொஞ்சம் காசு இருக்கும். மே முதல் வாரம் ஒரு பை, மாதக் கடைசியில் இன்னொன்று. ஜூனில் பள்ளி திறக்கிற செலவும் சேர்ந்து நெருக்கும் என்பதால் இரண்டாவது பைக்குத்தான் மதிப்பு அதிகம்.

வசூலை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் எப்படிப் பார்த்தாலும் ஏப்ரல் 25-க்குள் வந்துவிடும், மே மாதப் பைக்குக் கணக்கு சரியாக இருக்கும். (கச்சத்தீவுத் திருவிழா வாரத்தில் மட்டும் கூட்டம் போடாதீர்கள். பாதிப் பேர் படகில் இருப்பார்கள்.) பிடி அரிசி (சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது) நல்ல பழக்கம்தான், ஆனால் புழுங்கலும் பச்சையும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் கலந்து வந்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. ஒரு அன்பியத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) பருப்பு, இன்னொன்றுக்கு எண்ணெய் என்று பிரித்துவிடுங்கள்.

2. பட்டியல்

எல்லாரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். அன்பியத் தலைவர்களிடம் பெயர் கேட்டால் ஒரே நாளில் பட்டியல் வந்துவிடும். பார்த்தால் மீனவர் அட்டை வைத்திருப்பவர்களின் பெயர்தான் அதில் முக்கால்வாசி இருக்கும். அவர்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023-இல் அறிவித்தார்கள். அது போதும் என்று சொல்லவில்லை. ஆனால் அதுகூட வராதவர்கள் யார் என்று முதலில் பாருங்கள்: ஐஸ் உடைப்பவர்கள், லோடு ஏற்றுபவர்கள், வலை பின்னுபவர்கள், கருவாடு காயவைத்து விற்கும் அம்மாக்கள். படகு நின்றால் இவர்கள் வேலையும் நிற்கும், ஆனால் பலர் பெயர் நிவாரணப் பதிவில் இருக்காது. கணவரை இலங்கைச் சிறையில் விட்டுவிட்டு இருக்கும் வீடுகளையும் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று, அன்பியம் என்றால் கத்தோலிக்கர் வீடுகள் மட்டுமே. அதே தெருவில் இருக்கும் மற்றவர்கள் அதில் வரமாட்டார்கள். அங்கன்வாடி டீச்சரையும் மகளிர் குழுத் தலைவியையும் உட்காரவைத்துப் பேசினால் விடுபட்ட வீடுகள் தானாக வரும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பூசைக்கு வருகிறார்களா, சந்தா கட்டினார்களா என்ற கேள்வியைப் பட்டியல் பக்கமே கொண்டுவராதீர்கள். யாராவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அவரே பதில் சொல்லிவிடுவார்.

பட்டியலை எக்ஸெலில் போடுவது, கூகுள் ஷீட்டில் பகிர்வது எதுவும் வேண்டாம். ஒரு நீளக் கணக்கு நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குழுவில் போன பெயரைத் திரும்ப எடுக்க முடியாது.

3. பையில் என்ன

அரிசி வேண்டாம் என்பது என் கட்சி. அரிசி அட்டைக்கு ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிறது. வீட்டில் பற்றாமல் போவது குழம்புக்கானதுதான். நாலு பேர் வீட்டுக்கு: துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 1 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், சீனி 1 கிலோ, புளி, மிளகாய் வத்தல், மல்லி தலா அரைக் கிலோ, துணி சோப்பு, குளியல் சோப்பு, நாப்கின் ஒரு பாக்கெட். நாப்கினைப் பேரவையில் ஆண்கள் அடித்துவிடுவார்கள், மாதா சபைப் பெண்களைவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

வத்தலைக் கடையில் வாங்காமல் பரமக்குடிப் பக்கம் விவசாயிகளிடமே கேளுங்கள். நம் ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடை முடிகிற நேரம் என்பதால் விலையும் படியும்.

4. கட்டுவது

மூட்டையாக வாங்கி எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துக் கட்டுங்கள். உப்புக்காற்றில் சீனி இரண்டே நாளில் கசிந்து கட்டியாகிவிடும், அதனால் சீனியைக் கடைசி நாள் கட்டுங்கள். பருப்பைக் கட்டுமுன் ஒரு வெயில் காட்டினால் வண்டு வராது.

பை விஷயத்தில் கவனம். கோயில் பெயர் அச்சடித்த பை ஒன்றுபோல எல்லார் கையிலும் இருந்தால், தெருவில் போகும்போதே யார் உதவி வாங்கினார்கள் என்று தெரிந்துவிடும். வீட்டிலிருந்து கட்டைப்பை கொண்டுவரச் சொல்லுங்கள்.

5. கொடுப்பது

ஞாயிறு பூசை முடிந்து மேடை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வார நாளில் மாலை நாலு மணியிலிருந்து ஏழு வரை கோயில் மண்டபத்தைத் திறந்து வையுங்கள், அவரவர் வசதிப்படி வரட்டும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் போய்க் கொடுங்கள், ஆனால் இருவராகப் போங்கள். நன்கொடை கொடுத்தவருக்குப் படம் வேண்டுமென்றால் கட்டிவைத்த பைகளை எடுத்து அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை: முதலில் போட்டபோது படித்த ஒரு சகோதரி, ரேஷன் அட்டையே இல்லாத வீட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வெளியூரிலிருந்து வந்து படகில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இப்படி இருக்கிறார்கள். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'அ' என்று குறித்து 10 கிலோ அரிசி சேர்த்துவிடுகிறோம். கூடவே அட்டைக்கு விண்ணப்பம் போட இ-சேவை மையத்துக்கு ஒருவர் உடன் போய்வர வேண்டும். அந்த வேலையைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம்.

இன்னொருவர் கேஸ் சிலிண்டர் கேட்டார். பை கைக்கு வந்தும் சமைக்க வழியில்லை என்ற வீடுகள் உண்டு. அதற்குத் தனி நிதி வைத்துக்கொள்ளுங்கள், மளிகைக் கணக்கோடு கலக்காதீர்கள்.